சம்மணக்கால் தட்டையாக வந்தபோது

சம்மணமிட்டு உட்கார்ந்தவரை எதிரிலிருந்து வரைந்தால், என் படத்தில் கால்கள் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடக்கும். நீளத்தை எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை. சிக்கல், கோடுகள் சந்திக்கும் இடத்தில் இருந்தது.

ஒரு உறுப்பு இன்னொன்றை மறைக்கும்போது, முன்னால் இருப்பதன் கோடு அறுபடாமல் ஓட வேண்டும். பின்னால் இருப்பதன் கோடு அதில் முட்டி நிற்க வேண்டும். எனவே முதலில் தொடையையும் கெண்டைக்காலையும் உருளைகளாக, மறையும் பகுதியையும் சேர்த்து, மங்கலாக வரைந்தேன். நம்மை நோக்கி வரும் முழங்கால் முழு உருண்டை; தொடையின் கோடுகள் அதன் பின்னால் போய் நின்றுவிடும். அவ்வளவுதான், கால்களுக்கு முன்பின் வந்துவிட்டது. தோளிலும் இதே கதைதான்: தோள்தசை மேற்கையின் மேல் படிந்து இறங்கும்.

அப்புறம் பென்சில். எழுதுகிற பிடியில் அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், எந்த ரப்பருக்கும் அது போகாது. இப்போது பென்சிலை உள்ளங்கைக்கு அடியில் படுக்க வைத்து, தோளிலிருந்து கையை அசைக்கிறேன். இதற்கு முனை நீளமாக வேண்டும். பிளேடால் சீவுவதுதான் சரி, சாதாரண ஷார்ப்பனர் அந்த நீளம் தராது. கடைசிக் கோடுகளுக்கு மட்டும் வழக்கமான பிடி, 2பி பென்சில். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அழுத்தி, விலக விலகத் தளர்த்துகிறேன்.