எங்கள் கேள்விக்கு நாங்களே நிதி கேட்பது எப்படி

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் குழு காசிமேட்டில் எங்கள் தெருவுக்கு வந்தது. கையில் பன்னிரண்டு பக்கப் படிவம். "உங்கள் கணவர் வாரத்தில் எத்தனை நாள் குடிப்பார்?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மீன்கூடையை இறக்கி வைத்தபடியே, "தொழிலுக்குப் போனால் ஒரு வாரமோ பத்து நாளோ கடலில் இருப்பார். கரைக்கு வந்தால் எல்லா நாளும்தான்" என்றார். படிவத்தில் அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை. 'மூன்று' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஆய்வு என்ன கண்டது என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

குடியால் சிதையும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வை அந்தக் குடும்பத்துப் பெண்களே நடத்த வேண்டும். அதற்கான பணமும் அவர்கள் முடிவின்படியே செலவாக வேண்டும். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவள் நான். நிதி கேட்டு அலைந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களிடம் நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் பேசுவேன். 2007இல் அங்குள்ள பூர்வகுடிப் பெண்கள், ஜூன் ஆஸ்கர் என்பவர் போன்றவர்கள் முன்னிற்க, கடுமையான மதுவைக் கடையில் வாங்கி எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு கேட்டு வாங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. கருவிலிருந்தபோதே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிய வேண்டும் என அவர்களே தீர்மானித்து, பிறகுதான் ஆய்வாளர்களை அழைத்தார்கள். 'லிலில்வான்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 'சின்னஞ்சிறுசுகள் எல்லோரும்' என்று பொருள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிறந்த 134 பிள்ளைகளில் 127 பேரின் வீட்டார் சம்மதித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் படிவத்தோடு வந்து நின்றிருந்தால் இத்தனை வீடுகள் கதவு திறந்திருக்குமா? அந்த நாட்டின் தேசிய மருத்துவ ஆய்வுக் கவுன்சில் தன் ஆய்வு நிதியில் குறைந்தது 5 சதவீதத்தைப் பூர்வகுடி மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுக்கென்று ஒதுக்குகிறது. நம்மிடம் அப்படி ஒதுக்கீடு இல்லை. ஒவ்வொரு வாசலாகத்தான் ஏற வேண்டும்.

விண்ணப்பத்தைத் தொடும் முன் கேள்வியை முடிவு செய்யுங்கள். நாங்கள் மாலை நான்கு மணிக்கு வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்தோம். காலையில் ஏலம், பிறகு வியாபாரம், அதனால் எங்களுக்கு அதுதான் நேரம். எதைக் கேட்கலாம் என்று வெகுநேரம் பேச்சு ஓடியது. கடைசியில் ஒருத்தி, "நேற்று ராத்திரி உன் பிள்ளை எங்கே தூங்கினான் என்று கேளுங்கள்" என்றாள். கூடம் அமைதியானது. ஒருவர் மாமியார் வீட்டுத் திண்ணை என்றார். இன்னொருவர் மொட்டை மாடி என்றார். அதையே விண்ணப்பத்தின் முதல் பத்தியாக்கினேன். நிதி தருபவர்கள் வேறு எந்த வரியையும் அத்தனை கவனமாகப் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது காலக்கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள், கையில் வருமானம் இருக்காது. அந்த இரண்டு மாதத்தை மட்டும் பார்த்தாலும் தவறு, அதை விட்டுவிட்டாலும் தவறு. ஓராண்டுக்குக் குறைந்து கேட்காதீர்கள். உங்கள் பகுதி கட்டட வேலைக்காரர்கள் பகுதியென்றால் சனிக்கிழமைச் சம்பளத்தையும் மழைக்காலத்தையும் இப்படியே யோசியுங்கள்.

வரவுசெலவில் முதல் வரி பெண்களின் கூலியாக இருக்கட்டும். 'தன்னார்வலர்' என்று எழுதி அவர்கள் உழைப்பை இலவசமாக்க விடாதீர்கள். ஒரு பெண் மதியம் முழுக்க வீடு வீடாகப் போனால், அன்று கருவாடு விற்கப் போகவில்லை என்று பொருள். விட்டுப்போன அந்த வருமானத்தைக் கணக்கிட்டுக் கேளுங்கள். பேட்டி கொடுப்பவரின் நேரத்துக்கும் தொகை வையுங்கள்.

பணம் எங்கே கிடைக்கும்? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவையெல்லாம் சமூகப் பணி என்று அந்தச் சட்டம் தரும் பட்டியலில் நோய்த் தடுப்பும் சுகாதாரமும் உண்டு. உங்கள் கோரிக்கையை அந்தத் தலைப்பில் வையுங்கள். அவர்கள் அறக்கட்டளைகளுக்கான வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி இரண்டையும், இந்தச் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவையும் கேட்பார்கள். சிறு குழுவிடம் அவை இருக்காது என்பதால், பதிவுள்ள ஓர் அறக்கட்டளையோடு எழுத்துப்பூர்வ உடன்பாடு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பெறும் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்த அமைப்பே உங்கள் பெண்களை நேரடியாக வேலைக்கு எடுத்துக் கூலி தரட்டும். மது தயாரிக்கும் நிறுவனம் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் அதற்கு ஒரு கூட்டம்கூடப் போடவில்லை.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலை ஒரு கல்லூரிப் பேராசிரியர் எங்களுக்குத் தமிழில் விளக்கினார். பேட்டியின் நடுவே கணவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நாங்களே சேர்த்தோம்: பேச்சைச் சுயஉதவிக் குழுத் தவணைக்கு மாற்றிவிட வேண்டும். அதற்காக ஒரு தவணைப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கும். பெண்கள் உதவி எண் 181, போதை மீட்புக்கான 14446 ஆகிய இரண்டையும் பெண்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அச்சிட்ட சீட்டு வீட்டில் கிடந்தால் அதுவே அடிக்குக் காரணமாகலாம்.

உடன்பாட்டில் இரண்டு வரிகளை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிரப்பிய படிவங்கள் குழுவின் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் இருக்கும். அறிக்கை நிதி தரும் நிறுவனத்துக்குப் போகும் முன் எங்கள் கூடத்தில் உரக்க வாசிக்கப்படும். எங்கள் அறிக்கையை இரண்டு மாலைகள் வாசித்தோம். 'குடிகாரர்' என்று இருந்த இடங்களையெல்லாம் 'குடிநோயாளி' என்று மாற்றச் சொன்னவர், அன்று மீன்கூடையை இறக்கி வைத்துப் பதில் சொன்ன அதே அக்கா.