பாஸ்பேட் மருந்தும் பிள்ளையும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்கள் வில்லாக வளைகின்றன. வைட்டமின் டி குறைபாடு என்று எண்ணி மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்தும் வளைவு நிமிரவில்லை. பிறகுதான் எலும்பை உறுதியாக்கும் பாஸ்பேட் என்ற தாதுச்சத்து இரத்தத்தில் குறைந்திருப்பதும், அது சிறுநீரில் வீணாகப் போய்க்கொண்டிருப்பதும் தெரியவருகிறது. எக்ஸ்எல்எச் என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் மரபுவழி ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு மென்மையாகி வளையும் நோய் இது. ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. எலும்பில் சுரக்கும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோன் அளவுக்கு மீறுவதால், சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தக்கவைக்க மறந்துவிடுகிறது.

வாய்வழியாகக் கொடுக்கும் பாஸ்பேட்டும், உடம்பில் வேலை செய்யும் வடிவிலான வைட்டமின் டி மருந்துகளான கால்சிட்ரியால் அல்லது ஆல்ஃபாகால்சிடாலும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சிகிச்சை. குடித்த பாஸ்பேட் சில மணி நேரத்துக்கு மேல் இரத்தத்தில் நிற்பதில்லை. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 வேளை வரை எழுதிக் கொடுக்கிறார்கள். வீடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்தக் கணக்கைக் குடும்பத்துக்கு யாரும் விளக்காததால் வருபவை.

காலையில் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் ஒரு வேளை தவறிவிடுகிறது. மதியம் பள்ளியில் கொடுக்க ஆளில்லை. மூன்று வேளை மருந்தையும் சேர்த்து இரவில் ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாள் அளவு சரியாகிவிட்டது என்ற நிம்மதி அம்மாவுக்கு. ஆனால், அந்தப் பிள்ளைக்கு இரவெல்லாம் வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. அடுத்த நாள் பாட்டிலைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறது. அதைப் பிடிவாதம் என்று சொல்வது எனக்கு மனம் ஒப்பாத செயல். உடம்பு பட்ட பாட்டைப் பிள்ளை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தவறிய வேளையை விட்டுவிடுங்கள். அடுத்த வேளையை வழக்கமான அளவில் கொடுங்கள். அடிக்கடி வயிறு கலங்கினால் அளவைச் சிறிதாக்கி வேளைகளைக் கூட்ட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பாலில் கலப்பது இன்னொன்று. கசப்பு மருந்தைப் பாலிலோ சத்துமாவுக் கஞ்சியிலோ ஒளித்துக் கொடுப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இங்கே அது ஆகாது. பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை கஷ்டப்பட்டுக் குடித்தது உடம்பில் சேராமலே வெளியேறும். தயிர்சாதத்தோடு கொடுத்தாலும் இதே கதைதான். தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாலுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்தும் பாஸ்பேட்டை இப்படியே கட்டிப்போட்டுவிடும். ‘எலும்பு நோய்தானே’ என்று உறவினர்கள் வாங்கி வரும் கால்சியம் டானிக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கால்சிட்ரியாலை வெறும் சத்து மாத்திரை என்று நினைத்து, தீர்ந்துபோனால் இரண்டு வாரம் வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. பாஸ்பேட் மட்டும் தனியாகப் போனால், இரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு என்ற கழுத்துச் சுரப்பி தூண்டப்பட்டு, எலும்புக்கு வேறொரு சேதம் தொடங்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை.

கரைசலாகத் தரும் மருந்தைச் சமையலறைக் கரண்டியில் அளக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கடை மாறினால் கரைசலின் அடர்த்தியும் மாறலாம். எத்தனை மில்லி லிட்டர் என்பதோடு, அதில் எத்தனை மில்லி கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு மருத்துவரின் அறையில் நடப்பது. மருந்து கொடுத்ததைக் குறித்துவரச் சொன்ன தாளை நீட்டுகிறார்கள். மூன்று மாதத்துக் குறிகளும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரு கட்டம்கூட விடாமல் இருக்கின்றன. பஸ்ஸில் வரும்போது நிரப்பியது என்பது பார்த்தவுடனே தெரியும். திட்டு வாங்கக் கூடாது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் மருத்துவத் துறைக்கும் பங்கு இருக்கிறது. ஆனால், விளைவைப் பாருங்கள். எலும்பு நோயின் தீவிரத்தைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவு இரத்தப் பரிசோதனையில் இறங்கவில்லை. மருந்து முழுதாகப் போகிறது என்று நம்பும் மருத்துவர், அளவு போதவில்லை என்று கூட்டி எழுதுகிறார். வீட்டில் பாட்டியோ சித்தியோ பொறுப்பெடுத்து அந்தக் கூட்டிய அளவை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால், சிறுநீரகத்தில் கால்சியம் படியும் அபாயம் வந்து நிற்கிறது. ‘வாரத்தில் பாதி நாள்தான் குடிக்கிறான், டாக்டர்’ என்று சொல்வதில் ஒரு அவமானமும் இல்லை. அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவரால் முடிவெடுக்க முடியும். கேட்கும் மருத்துவரும் ‘ஒழுங்காகக் குடிக்கிறானா?’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்த வேளை தவறுகிறது?’ என்று கேட்டால் உண்மை தானாக வரும்.

தவறும் வேளை பெரும்பாலும் பள்ளி வேளைதான். ஒன்பதிலிருந்து நான்கு மணிக்குள் குறைந்தது ஒரு வேளை, சில பிள்ளைகளுக்கு இரண்டு வேளை வந்துவிடும். வகுப்பாசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்துப் பேசாமல், பிள்ளையின் பையில் மருந்தை மட்டும் வைத்து அனுப்புவதால் பயனில்லை. எல்லோர் முன்னாலும் மருந்து குடிக்கச் சொல்லி அழைப்பதும் கூடாது. பள்ளி வேளைக்கான அளவைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்து, இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவிடலாம்; மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். மருத்துவர் ஒப்புக்கொண்டால் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அந்த பாட்டிலிலிருந்து வேறு பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ‘இனி உன் பொறுப்பு’ என்று ஒரே நாளில் கைகழுவுவதும் தவறு. வளர்ச்சி வேகமாக நடக்கும் பருவம் அது. மருந்தை ஒளித்துக் கொட்டும் பருவமும் அதுவே. இன்று குடிக்காவிட்டால் இன்று எதுவும் வலிக்காது என்பதைப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். காலை வேளையை மட்டும் முதலில் அவர்களிடம் விடுங்கள். எக்ஸ்ரே படங்களை அவர்களுக்கே காட்டி, முழங்கால் அருகே எலும்பு எப்படி மாறியிருக்கிறது என்று மருத்துவரை விளக்கச் சொல்லுங்கள். நோய் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்து வந்திருந்தால், ‘என்னால்தான் இப்படி’ என்ற குற்ற உணர்ச்சியில் பிள்ளையின் மறுப்புக்கு இணங்கிப்போவது நடக்கிறது. அந்தப் பெற்றோர் தம் சிகிச்சையையும் மருத்துவரிடம் பேசிச் சரிசெய்தால், பிள்ளை தனியாகக் குடிக்கும் நிலை மாறும்.

2018 முதல், எஃப்ஜிஎஃப்23 ஹார்மோனைத் தடுக்கும் புரோசுமாப் என்ற ஊசி வெளிநாடுகளில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், ஆனால் விலை மிக அதிகம். அந்த வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மருந்தையும் கூடவே கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கக் கூடாது. ஊசி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, மருத்துவர் சொல்லும் நாளில், பாஸ்பேட்டையும் கால்சிட்ரியாலையும் நிறுத்திவிட வேண்டும்.