இன்டர்ஃபெரானை மடக்கிப் போடுற ஆன்டிபாடி: வீட்ல வயசானவங்க இருந்தா முன்னாடியே என்ன பண்ணி வைக்கலாம்

வைரஸ் புகுந்த செல்லு, அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் "உஷாரா இரு"ன்னு சேதி அனுப்பும், அந்த சேதி தான் இன்டர்ஃபெரான். சிலரோட உடம்பு இதையே எதிரின்னு நினைச்சு ஆன்டிபாடி பண்ணி வச்சிருக்கும், சேதி போய் சேராது, வைரஸ் அந்த முதல் ரெண்டு மூணு நாள்லயே கன்னாபின்னான்னு பெருகிடும். மத்த நாள்ல ஒரு தொந்தரவும் தெரியாது, அதான் பயமே.

2020-ல நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியாளர் ழான் லோரான் காஸனோவாவோட குழு பார்த்தப்ப, உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேர்ல 101 பேருக்கு இது இருந்துச்சு, அதுல 95 பேர் ஆம்பளைங்க, லேசா வந்து போன 663 பேர்ல ஒருத்தருக்கும் இல்ல. வயசாக ஆக இது கூடுது, 70 தாண்டினா நல்லாவே ஏறுது.

சரி, முதல்ல பழைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுங்க. அதுல தைமஸ் கட்டி, மயஸ்தீனியா கிராவிஸ் (தசை பலவீனமாகுற நோய்), இல்ல பிறவியிலேயே வர்ற ஏபிஎஸ்-1 (உடம்பு தன்னோட சுரப்பிகளையே தாக்குற அபூர்வ நோய்), இதுல எதாச்சும் இருக்கான்னு தேடுங்க. தைமஸ் நடு நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கற சுரப்பி, நம்ம உடம்பையே தாக்குற டி செல்களை (நோய் எதிர்ப்பு செல்லுல ஒரு வகை) சின்ன வயசுலயே வடிகட்டுற இடம், அங்க கோளாறுன்னா இந்த ஆன்டிபாடிக்கு வாய்ப்பு ஜாஸ்தி.

எங்க பெரியப்பா கென்யால இருக்கற மகன பாக்க கெளம்பினாரு, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும்னாங்க. அது உயிருள்ள வைரஸை பலவீனப்படுத்தி செய்யற ஊசி. அவருக்கு தைமஸ் கட்டி எடுத்தது 15 வருஷம் முன்னாடி, அவரே மறந்துட்டாரு, பெரியம்மா தான் ஃபாரத்துல தைமஸ் பத்தின கேள்வியப் பாத்து "இவருக்கு நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணாங்களே"ன்னு சொன்னாங்க, டாக்டர் உடனே வேணாம்னுட்டாரு. இந்த ஊசிக்கு அப்புறம் உடம்பு ரொம்ப மோசமாப் போன 8 பேரை 2021-ல சோதிச்சதுல 3 பேருக்கு இதே ஆன்டிபாடி இருந்துச்சு. தயவுசெஞ்சு அந்த ஃபாரத்த அவசரமா டிக் பண்ணிட்டு போயிடாதீங்க.

டெஸ்ட் பண்ணலாமான்னு கேப்பீங்க. ஏஎன்ஏ டெஸ்ட்ல இது தெரியாது, அது செல்லோட உட்கருவைத் தாக்குற ஆன்டிபாடியைத் தேடுறது. ஆராய்ச்சி லேப்ல, இன்டர்ஃபெரான் பட்டா ஒளிவிடுற மாதிரி மாத்தின செல்லு மேல இன்டர்ஃபெரானையும் நோயாளி பிளாஸ்மாவையும் (ரத்தத்துல இருந்து பிரிச்ச திரவம்) சேர்த்து விடுவாங்க, ஒளி வரலைன்னா இன்டர்ஃபெரான் மடங்கிடுச்சுன்னு அர்த்தம். தெருமுனை லேப்ல கிடைக்காது, அதனால டெஸ்ட்டுக்காக காத்திருக்காம வேலையப் பாருங்க: கோவிட் ஊசி, ஃப்ளூ ஊசி (ஊசியா போடற வகை, மூக்குல ஸ்ப்ரே பண்றது உயிருள்ள வைரஸ் வகை, அது வேணாம்) டாக்டர்ட்ட கேட்டு போட்டுடுங்க.

காய்ச்சல் வந்துட்டா "நாளைக்குப் பாப்போம்" வேணாம், அன்னிக்கே போங்க, தைமஸ் கதைய முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க, ஏன்னா ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா தான் முழுசா பலன் தரும்.