பழைய கார் மாறி மாறி மக்கர் செய்தால்: ஒரு கணக்குப்பிள்ளையின் ஃபைல்

ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2024 பிப்ரவரியில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) 2016 மாடல் டீசல் வண்டியை 4,60,000 ரூபாய்க்கு எடுத்தேன். அப்பாவுக்குக் கண் வைத்தியம் கோயம்புத்தூரில், அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியவில்லை. "டாக்டர் ஓட்டுன வண்டிங்ணா, சிங்கிள் ஓனர், தங்கமாட்டம் ஓடும்" என்றார் கன்சல்டிங்காரர். மீட்டரில் 64,000 கிலோமீட்டர்.

மூன்றாவது வாரம் செங்கப்பள்ளி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. கன்சல்டிங்காரர் ஆள் அனுப்பி ஹோஸ் மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடி அதே கதை, தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். அப்புறம் வாட்டர் பம்ப். மூன்றுக்கும் காசு வாங்கவில்லை, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். காசு வாங்காததால் பில்லும் இல்லை, ஜாப் கார்டும் இல்லை. அந்த மூன்று ரிப்பேரும் நடந்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் வவுச்சர் கேட்கிறவன் நான்!

நான்காவது தடவை பெருந்துறையில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். ஆயில் ஸ்டிக்கை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் கருப்பு ஆயில் இல்லை. கடை டீ மாதிரி பால் கலந்த பழுப்பு. விரலில் தொட்டுத் தேய்த்தால் கொழகொழவென்றிருந்தது. "கூலண்ட் ஆயில்ல எறங்கிருச்சுங்க. ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. இது இன்னிக்கு நேத்து போனதில்ல, ஓரத்துல பசை போட்டு அடைச்சிருக்காங்க பாருங்க" என்றார். கூலண்ட் என்பது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்; அது ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்புதான் ஹெட் கேஸ்கெட். எஞ்சினைப் பிரிக்காமல், போட்டோ எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். மேலே தேதியும் மீட்டர் ரீடிங்கும். என் ஃபைலின் முதல் காகிதம் அது.

உங்கள் வண்டி இரண்டாவது முறை நின்றதுமே ஃபைல் போடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு நின்றது, மீட்டரில் எவ்வளவு, யாருக்குப் போன் செய்தீர்கள். கன்சல்டிங்கில் இலவசமாகச் செய்து கொடுத்தாலும் "இன்று வாட்டர் பம்ப் மாற்றிக் கொடுத்தீர்கள், நன்றி" என்று அவருக்கே ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். அவர் கட்டைவிரல் காட்டினால் அதுவே ரசீது. மாற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக் கவரில் போட்டு வையுங்கள்.

இனி சட்டம். பழைய வண்டி ரிப்பேர் ஆவது மட்டும் குற்றம் ஆகாது. எட்டு வருடம் ஓடிய வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று வழக்குப் போட்டால் எடுபடாது. இரண்டு விஷயம்தான் கேள்வி: அந்தக் கோளாறு விற்ற அன்றைக்கே இருந்ததா? இருந்தும் மறைத்தார்களா, அல்லது மாற்றிச் சொன்னார்களா? பார்த்தால் தெரியும் கோளாறைப் பிறகு கிளறுவது கஷ்டம். பசை போட்டு மூடியது, மீட்டரைக் குறைத்தது இதெல்லாம் சாதாரணமாகப் பார்க்கிறவன் கண்ணுக்குப் படாது. அங்கேதான் உங்களுக்குப் பிடி கிடைக்கும். டெலிவரி நோட்டில் "ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவில், தெரிந்தே மறைப்பதை மோசடி என்கிறது. கையெழுத்து மோசடியைக் கழுவிவிடாது.

மாற்றிச் சொன்னதை எப்படி நிரூபிப்பது? ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டேன். 2021இலேயே 1,18,000 கிலோமீட்டர் என்று பதிந்திருந்தது. எனக்கு வந்த விளம்பர மெசேஜில் "64,000 ஒரிஜினல்". அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே தைரியம் வந்தது. பழைய வாட்ஸ்அப் மெசேஜ், விளம்பரம், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் பேக்கப்.

அடுத்தது, "நாங்க வெறும் புரோக்கர்தானுங்க, வித்தவர் ஓனர்" என்ற பல்லவி. பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரசீது கேட்டு நச்சரியுங்கள்; பில் கொடுக்க மறுப்பதே 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், ஓனரிடமிருந்து வண்டி டீலர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி இருக்கிறது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டாலே பல இடங்களில் குரல் இறங்கும். சந்தேகமாக இருந்தால் கன்சல்டிங், பழைய ஓனர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். கடை வைக்காத தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் சிவில் கோர்ட்தான். டாக்ஸியாக ஓட்ட வாங்கியவர்களும் கவனிக்கணும்: ஒரே வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான், பத்து வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறவர் அல்ல.

முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். சில கடைக்காரர்கள் இதற்கே இறங்கி வருவார்கள், எனக்கு வரவில்லை. பிறகு ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ்: என்ன சொல்லி விற்றீர்கள், என்ன கண்டுபிடித்தோம், என்ன வேண்டும், 15 நாள் அவகாசம். வக்கீல் இல்லாமல் நானே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். திட்டி எழுதாதீர்கள், அந்தக் கடிதத்தை நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் படிப்பார்கள்.

பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இங்கேதான். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சேலத்தில் வாங்கிவிட்டுச் சேலத்துக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம்.

மனுவில் பணம் வாபஸ், வட்டி, டோயிங் செலவு (எனக்கு 3,500), மன உளைச்சலுக்கு ஒரு தொகை கேளுங்கள். ஆனால் நாலரை லட்சம் வண்டிக்கு இருபது லட்சம் நஷ்டஈடு கேட்டால் மற்ற காகிதங்களின் மதிப்பும் குறையும். எதிர்த்தரப்பு "இவர்தான் தண்ணி ஊத்தாம ஓட்டிக் கெடுத்தார்" என்று சொல்லும், அதற்குத் தயாராக இருங்கள். நிபுணரை வைத்துப் பரிசோதிக்கச் சொல்லி மனு கொடுக்க வழி உண்டு. அதனால்தான் எஞ்சினைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன். ரிப்பேர் செய்து சுற்றிக்கொண்டிருந்தால் கேஸ் அங்கேயே நீர்த்துப் போகும். எனக்கு ஐந்து மாதம் வண்டி ஷெட்டில் நின்றது. அப்பாவை வாடகைக் காரில் கூட்டிப் போனேன், அந்த பில்களும் ஃபைலில் ஏறின.

பரிசோதனை தேவையில்லாத கேஸை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா வாய்தாவாக நீளும். எனக்கு இரண்டாவது வாய்தாவுக்கு முன்பே கன்சல்டிங்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். 3,95,000 ரூபாய்க்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. "65,000 போச்சேங்க" என்றாள் மனைவி. போனதுதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன், வீட்டுத் திண்ணையில் இல்லை, ஆணையத்தின் முன்னால் எழுதிப் பதிவு செய்து. வெளியே பேசி முடித்து மனுவை வாபஸ் வாங்கியிருந்தால், செக் திரும்பினால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பணம் கணக்கில் ஏறியதும் சாவி கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான் ஓனர், விபத்து நடந்தால் அவர் தலையில்தான் விழும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிவம் 29, 30இல் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, பெயர் மாறியதாக என் போனுக்கு மெசேஜ் வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று சாயந்திரம் சாவியைக் கொடுத்து, "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கினேன்.