ஒரு கம்பை நட்டுப் பூமியின் சாய்வை அளப்பது எப்படி? பினாங்குவாசிகளுக்கு

பருவங்களுக்குக் காரணம் கோளின் அச்சுச் சாய்வு, தூரமல்ல. பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில். ஐரோப்பா அப்போதுதான் நடுங்குகிறது.

வேண்டியவை: தரைக்கு மேல் சரியாக 100 செ.மீ. நிற்கும் கம்பு, தூக்குக்குண்டு, ரசமட்டம், அளவு நாடா. ஜூன் 21, டிசம்பர் 21 என இரண்டு நாள் அளக்க வேண்டும். மேகம் மூடினால் ஓரிரு நாள் தள்ளலாம், கெட்டுப்போகாது.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில். மலேசியக் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. பினாங்கு இருப்பதோ 100.3இல். ஆகவே இங்கே உச்சிவேளை 12 மணிக்கல்ல, ஏறத்தாழ 1.20க்கு. 1.05 முதல் 1.35 வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை நிழல் நுனியைச் சாக்கட்டியால் குறியுங்கள். மிகக் குட்டையான நிழலே கணக்குக்கு உரியது.

ஜூனில் நிழல் தெற்கே சுமார் 32.5 செ.மீ. விழும், டிசம்பரில் வடக்கே 55 செ.மீ. நீளத்தை 100ஆல் வகுத்து, கைப்பேசிக் கணிப்பானில் நேர்மாறு டேன் (tan⁻¹ பொத்தான்) போடுங்கள்: 18, 28.8 பாகை. நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுவதால் கூட்டிப் பாதியாக்குங்கள்: 23.4. இதுதான் சாய்வு. வித்தியாசத்தில் பாதி 5.4, உங்கள் அட்சரேகை, இது இனாம்.

கம்பு ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் 2 செ.மீ. வரை பிசகும். நுனி மங்கலாகத்தான் தெரியும்; மங்கலின் நடுவில் குறியுங்கள்.

செவ்வாயின் சாய்வு 25.2 பாகை, அங்கும் பருவங்கள் உண்டு. வியாழனுக்கு 3.1தான், பெயரளவுக்கு. பினாங்கிலோ உச்சிச் சூரியன் 61 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. குளிர்காலம் எங்கிருந்து வரும்?