அமெரிக்க மாணவர் விசா: ஜெமினி பாலத்துக்குப் போகும் முன்

எஃப்-1 விசா என்றதும் ஜூனியர் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் அக்கா?" என்றுதான். அது சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும் கடைசி நாள் வேலை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம்மவர்கள் சறுக்குவது அதற்குப் பல மாதங்கள் முன்னால். அதிலும் முதல் சறுக்கல் பெயரில்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திக்" என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து "கார்த்திக் சுப்பிரமணியன்" என்றிருக்கும், அல்லது சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, டோஃபெல் ஆங்கிலத் தேர்வுப் பதிவு முதல் பல்கலைக்கழக விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் அப்படியே எழுதுங்கள்.

நான் விண்ணப்பத்தில் சர்நேம் இடத்தில் வெறும் இனிஷியலைத் தட்டிவிட்டேன். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவம் வந்தபோது என் குடும்பப் பெயர் "ஆர்" என்றிருந்தது. மின்னஞ்சல் அனுப்பித் திருத்தி வாங்குவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

சர்நேம் காலியாக இருந்தால், விசா படிவத்தில் உங்கள் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் "எஃப்என்யூ" என்று எழுத வேண்டும். "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அங்கே போய் வகுப்பில் "ஃப்னு" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்! வேண்டாம் என்றால், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சாலிகிராமமோ அமைந்தகரையோ தாம்பரமோ, பக்கத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் சர்நேம் சேர்த்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஐ-20. இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகம் பண ஆதாரம் கேட்கும். கொடுத்த பிறகு ஐ-20 வரும். பெயர், பிறந்த தேதி, படிப்பு தொடங்கும் தேதி, செலவுத் தொகை ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதில் "என்" என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு. அந்த எண்ணை வைத்து இணையத்தில் ஐ-901 எனும் செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி, ரசீதை அச்சிட்டு வையுங்கள்.

டிஎஸ்-160, அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். கன்சல்டன்சியில் நிரப்பித் தருகிறோம் என்பார்கள். நீங்களே நிரப்புங்கள். அதிகாரியின் திரையில் இருப்பது இந்தப் படிவம்தான், அதில் உள்ளதற்குப் பொறுப்பும் உங்களுடையதுதான். "ஏஏ" என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணை முதல் வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், அடிக்கடி சேமியுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்கும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பூட்டாமல் பொதுவில் வைக்கச் சொல்கிறார்கள். புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது.

அப்புறம் விசா கட்டணம் 185 டாலர். நிராகரித்தாலும் திரும்ப வராது. கட்டியதும் இரண்டு நேரம் பதிய வேண்டும்: கைரேகைக்கு விசா விண்ணப்ப மையத்தில் ஒன்று, நேர்காணலுக்குத் தூதரகத்தில் ஒன்று. ஆகஸ்ட் சேர்க்கைக்காக மே, ஜூனில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். படிப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்புவரை விசா தரலாம் என்பதால், ஐ-20 வந்த அன்றே தேட ஆரம்பியுங்கள்.

பணம். இதில்தான் சொந்தக்காரர்கள் யோசனை சொல்ல வருவார்கள். "மாமா பத்து லட்சம் போடுவார், ஸ்டேட்மென்ட் எடுத்துக்கிட்டு திருப்பிக் குடுத்திடு." வேண்டாம். திடீரென்று வந்த தொகை ஸ்டேட்மென்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வங்கியின் கல்விக்கடன் ஒப்புதல் கடிதம், அப்பாவின் வைப்புத்தொகை, பி.எஃப். என்று உண்மையில் இருப்பதைக் காட்டுங்கள். முதல் ஆண்டுச் செலவு ஐ-20-இல் போட்டிருக்கும், அதற்கு ஈடாக இருக்க வேண்டும். யார் கட்டுகிறார், எவ்வளவு, கடனை யார் அடைப்பார் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல வராவிட்டால், கணக்கு உங்களுக்கே இன்னும் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

நேர்காணல் நாள். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய தூதரகத்துக்குள் கைபேசி, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் கூடாது. கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட், ஐ-20, டிஎஸ்-160 உறுதிப்பக்கம், நேரப்பதிவுக் கடிதம், ஐ-901 ரசீது, மார்க் ஷீட்டுகள், பணக் காகிதங்கள் போதும்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்பார்கள், சத்தமாகப் பேசுங்கள். ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றால், "உலகத் தரம்" என்று ஒப்பிக்காதீர்கள். பாடத்திட்டத்தில் உங்களை இழுத்த பாடம் எது, கல்லூரியில் செய்த புராஜெக்டோடு அது எங்கே ஒட்டுகிறது என்று சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நல்ல செய்தி. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு என்ற தாளோடு திருப்பித் தந்தால் நிராகரிப்பு. விசா கேட்பவர் அங்கேயே குடியேற வருகிறார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தப் பிரிவு. இல்லை என்று நம்ப வைப்பது நம் வேலை. மேல்முறையீடு கிடையாது, ஆனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். 185 டாலர் புதிதாகக் கட்ட வேண்டும். 12 மாதத்துக்குள் அதே விசாவுக்கு என்றால் ஐ-901 மறுபடி கட்ட வேண்டாம். தாளில் 221(ஜி) பிரிவு என்றிருந்தால் கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி, காத்திருங்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, செவிஸ் எண் மூன்றையும் அங்கேயே நின்று ஐ-20-உடன் ஒப்பிடுங்கள். டிக்கெட் அதற்கப்புறம்தான். அதுவும் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கும் மேல் முன்னதாக அங்கே போய் இறங்குவதுபோல் போட்டுவிடாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.