பத்தாம் திகதிச் சம்பளம் அடுத்த பத்து வரை வர

சம்பளச் சீட்டை வீட்டில் உட்கார்ந்து, வரி வரியாக வாசியுங்கள். கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற பழக்கம் நம் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், அதிகம். நான் பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிக்கிறேன், வீட்டுக்காரர் கொழும்பில் மேசன் வேலைக்குப் போகிறார். இரண்டு பேர் உழைத்தும் இருபதாம் திகதிக்குக் காசு தீர்ந்துபோகிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் சம்பளத்தை வைத்துச் செலவுக் கணக்குப் போடக் கூடாது. எத்தனை பேர் விழுந்தது, அதாவது எத்தனை நாள் வேலைக்கு உங்கள் பெயர் பதிவானது என்பதுதான் கணக்கு. 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. உதாரணத்துக்கு அதையே எடுப்போம், நீங்கள் உங்கள் சீட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். 20 பேர் விழுந்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போனால் மிச்சம் 24,840. அதிலும் தொழிற்சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழியும். கொழுந்து குறைகிற வறட்சி மாதங்களில் 20 பேரே விழாது. ஆகவே போன வருஷத்தில் ஆகக் குறைவாகப் பேர் விழுந்த மாதத்துச் சீட்டைத் தேடி எடுத்து, அந்தத் தொகைக்குள் அரிசி, கோதுமை மா, பருப்பு, பஸ் காசு எல்லாவற்றையும் அடக்கப் பாருங்கள். நல்ல மாதத்தில் கூட வருவதை அந்த வறட்சி மாதங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

பேரை நீங்களும் எழுதி வைக்க வேண்டும். அன்றன்று மாலையில் கலண்டரில் முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை கிலோ என்று குறியுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் குறித்துக் கொடுக்கலாம். வித்தியாசம் இருந்தால் சம்பளம் போடுமுன்பே கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். சேமலாப நிதிக்குத் தோட்டம் போட வேண்டிய 12 வீதம் உண்டு, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் உண்டு. அந்தக் கணக்கில் உங்கள் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறியதால் ஓய்வுக்குப் பிறகு அலைகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

கடைக் கடனை விட முடியாது, சரி. ஆனால் கடைக்காரர் கொப்பி ஒன்று, உங்கள் கொப்பி ஒன்று என்று இருக்கட்டும். மொத்தத்தை மட்டும் எழுதாமல் சாமானுக்கு நேரே விலையையும் எழுதுங்கள். அப்போதுதான் டவுன் விலையோடு ஒப்பிட முடியும். எங்கள் லயத்தில் சில வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை மா வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம், பஸ் காசும் மிச்சம்.

மாதச் சம்பளக்காரர்கள் கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனை எடுக்காதீர்கள். இரண்டாவது கிழமையே அதைக் கட்ட இன்னொரு கடன் தேவைப்படும்.

அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் காரணத்தைக் கேட்டு, மேன்முறையீடு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

தீபாவளி முற்பணத்துக்குக் கையெழுத்துப் போடுமுன், எத்தனை மாதம், மாதம் எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். சப்பாத்து, பாடசாலைக் கொப்பி வாங்குகிற மாதத்திலும் அந்த வெட்டு இருக்கும். சப்பாத்துக்கும் கொப்பிக்கும் தேவையான காசை முற்பணம் கையில் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள்.